நாலு பேர் சேர்ந்து ஜப்பானிலிருந்து துணி வரவழைக்க ஒரு வழிகாட்டி

முதலில் ஒரு தராசு வாங்கி வையுங்கள். சமையலறையில் மாவு நிறுக்கிற, ஒரு கிராம் வரை காட்டுகிற சின்ன டிஜிட்டல் தராசு போதும். ஏஜென்ட் (நமக்காக வெளிநாட்டுக் கடையில் வாங்கி அனுப்பி வைப்பவர்) மூலம் வெளிநாட்டுத் துணி வரவழைப்பது எப்படி என்று கேட்கிற எல்லோருக்கும் நான் சொல்கிற முதல் வேலை இதுதான். எந்தக் கடை, எந்த பிராண்ட், எந்த ஏஜென்ட் என்பதெல்லாம் அப்புறம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வேலை செய்கிறவர்கள் கிராம் கணக்கில் எவ்வளவு கறாராக இருப்பார்கள் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. துணிப் பார்சலுக்கும் அதே கண்டிப்பு வேண்டும். விமானத்தில் வருகிற துணிக்கு நாம் இரண்டு விலை கொடுக்கிறோம்: கடைக்கு ஒன்று, எடைக்கு ஒன்று. அந்த இரண்டையும் கூட்டி அதன் மேல் சுங்க வரி விழுகிறது.

நான், அம்மாப்பேட்டையில் இருக்கும் என் மச்சான், ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்தும் நண்பர், என் அக்கா மகள் என்று நாலு பேர் வருஷத்துக்கு ஒரு தடவை சேர்ந்து வரவழைக்கிறோம். புதிதாக இறங்குகிறவர்கள் இடறுகிற இடம் பெரும்பாலும் ஒன்றேதான். துணியைப் பார்த்ததும் ஆசைப்பட்டுக் கூடையில் போட்டுவிடுகிறார்கள். பார்சல் வந்து இறங்கிய பிறகுதான் யார் எவ்வளவு தருவது என்று பேச்சை எடுக்கிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். வீட்டு வாசல் வரை ஆகும் மொத்தச் செலவை முதலில் போட்டு, அதை எப்படிப் பிரிப்பது என்று எழுதி, நாலு பேரும் சரி என்று சொன்ன பிறகு துணியைத் தேடுங்கள்.

எதை வரவழைக்கலாம்

நாம் இருக்கிற ஊரை ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும். சேலை என்றால் இளம்பிள்ளை பக்கத்திலேயே இருக்கிறது. பட்டு வேட்டி என்றால் சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடே உண்டு. ஜவுளிக்கு ஈரோடு, பனியனுக்கும் டீ-ஷர்ட்டுக்கும் திருப்பூர் என்று எல்லாம் ஒரு பஸ் தூரம். பருத்தி டீ-ஷர்ட்டை விமானக் கூலி கொடுத்து வரவழைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். 200 கிராம் டீ-ஷர்ட்டுக்கு அதன் விலையில் பாதி கூலியாகப் போய்விடும்.

இங்கே கிடைக்காதது, எடைக்கு ஏற்ற விலை உள்ளது, வருஷக்கணக்கில் உழைப்பது. இந்த மூன்றும் பொருந்தினால்தான் எங்கள் பட்டியலில் இடம். ஏற்காட்டு நண்பர் மழை ஜாக்கெட் கேட்டார். கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிற ஊர் அது. ஐப்பசி மழையிலும் மார்கழிப் பனிமூட்டத்திலும் தோட்டத்துக்குள் நடக்கிறவருக்குச் சாதாரண ரெயின்கோட் உள்ளேயே வியர்த்து நனைந்துவிடும். அதனால் ஜாக்கெட்டின் விவரத்தில் இரண்டு எண்களைப் பார்த்தோம். ஒன்று, துணி எவ்வளவு நீர் அழுத்தத்தைத் தாங்கும் என்பது, 10,000 மி.மீ., 20,000 மி.மீ. என்று மில்லிமீட்டரில் இருக்கும். இன்னொன்று, ஒரு சதுர மீட்டர் துணி வழியாக 24 மணி நேரத்தில் எத்தனை கிராம் வியர்வை ஆவி வெளியேறும் என்பது. முதல் எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் நெகிழிப் பை போட்ட மாதிரிதான் இருக்கும்.

மச்சான் கேட்டது ஜீன்ஸ். ஜப்பானில் ஒகயாமா மாகாணத்தில் கோஜிமா என்று ஓர் ஊர். அந்த நாட்டின் ஜீன்ஸ் தொழில் பிறந்த இடம். அங்கே பழைய நாடாத் தறிகளில் நெய்த டெனிமை, அதாவது ஜீன்ஸ் துணியை, இன்றைக்கும் தைத்து விற்கிறார்கள். 'செல்வெட்ஜ்' என்று சொல்வார்கள். மச்சான் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. முதல் ஜீன்ஸ் வந்தபோது கால் மடிப்பைத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு சிவப்பு நூல் ஓடியது. "இது நம்ம வேட்டிக் கரைதான் மாப்ளே" என்றார். அது உண்மை. நாடா (நூலைச் சுமந்து ஓடும் கட்டை) போய்த் திரும்பி வரும்போது ஊடை நூல், அதாவது குறுக்கு நூல், அறுபடாமல் ஓரத்தில் மடங்கித் தானாகவே கரை கட்டுகிறது. வேகமான புதுத் தறியில் ஒவ்வோர் ஊடையும் ஓரத்தில் வெட்டுப்படும். பிரியாமல் இருக்கத் தனியாகத் தைக்க வேண்டும். துணியின் அகலமும் நாடாத் தறியில் குறைவு, ஏறக்குறைய முப்பது அங்குலம்தான். ஒரு கால்சட்டைக்கு நீளம் அதிகமாகச் செலவாவதால் விலை ஏறுகிறது. இப்படி விலைக்கு ஒரு காரணம் சொல்ல முடிகிற பொருளைத்தான் கடல் தாண்டி வரவழைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வேண்டாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் பழைய துணி அருமையான நிலையில் மலிவாகக் கிடைக்கும், ஆசை வரும். ஆனால் பயன்படுத்திய துணி நம் நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு உள்ள சரக்கு, உரிமம் வேண்டும். புதியதை மட்டும் வாங்குங்கள். போலி பிராண்ட் துணி வேண்டவே வேண்டாம். வணிகச் சின்னத்தைத் திருடிய சரக்கைச் சுங்கத்தில் நிறுத்தி வைக்க 2007-லிருந்து தனி விதியே இருக்கிறது. ஒருவருடைய போலிச் சட்டைக்காக மற்ற மூவரின் துணியும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். அப்புறம், "கூடவே ஒரு சென்ட் பாட்டில்" என்று யாராவது கேட்பார்கள். ஆல்கஹால் கலந்த வாசனைத் திரவியம் விமான அஞ்சலில் ஏறாது. மறுத்துவிடுங்கள்.

சீனாவிலிருந்து ஏன் கூடாது என்று கேட்பவர்களுக்கு: 2020 ஜூனில் இந்தியாவில் தடையான 59 செயலிகளில் துணி விற்கும் ஷீன் இருந்தது, அதே ஆண்டு நவம்பரில் தடையான 43-இல் இன்னொரு விற்பனைச் செயலியான அலிஎக்ஸ்பிரஸ் இருந்தது. புதியவர்கள் சிக்கல் குறைந்த பாதையில் பழகுவது நல்லது.

ஏஜென்ட் என்ன செய்வார், என்ன செய்ய மாட்டார்

ஜப்பானியக் கடைகள் பலவும் தங்கள் நாட்டு முகவரிக்கு மட்டும்தான் அனுப்பும். அந்த இடைவெளியை அடைப்பவர்கள் இரண்டு வகை. ஒரு வகை, நாம் இணைப்பைக் கொடுத்தால் தாங்களே பணம் கட்டி வாங்கித் தங்கள் கிடங்கில் வைப்பவர்கள். பையி, ஜென்மார்க்கெட் போன்றவை இந்த வகை. இன்னொரு வகை, கிடங்கு முகவரியை மட்டும் தருபவர்கள். வாங்குவது நம் பொறுப்பு. ஜப்பானிய மொழி தெரியாதவர்களுக்கு முதல் வகைதான் சரி. கடையோடு ஏதாவது தகராறு என்றால் பேச ஓர் ஆள் வேண்டும்.

ஏஜென்டைத் தேர்ந்தெடுக்கும்போது கூலி எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள். கிடங்கில் எத்தனை நாள் இலவசமாக வைப்பார்கள்? பல இடங்களில் ஒரு மாதம் முதல் இரண்டு மாதம் வரை. அதைத் தாண்டினால் நாள் வாடகை. பல பார்சல்களை ஒன்றாகக் கட்டத் தனிக் கூலி உண்டா? கடையின் அட்டைப் பெட்டிகளைக் கழற்றிவிடுவார்களா? பொருளைப் பிரித்துப் படம் எடுத்து அனுப்புவார்களா? இந்த நாலு கேள்விக்கும் பதில் தெரியாமல் ஒரு ரூபாய் கட்டக் கூடாது.

படம் எடுக்கும் சேவைக்குக் கூடுதல் காசு என்று எங்கள் இரண்டாவது ஆர்டரில் அதை விட்டுவிட்டோம். எனக்கு வந்த கம்பளி ஸ்வெட்டர் கேட்டதைவிட ஒரு அளவு சின்னது. தவறு கடையுடையது, ஏஜென்ட் பார்க்காமல் கட்டிவிட்டார். ஆனால் பார்சல் ஜப்பானை விட்டுக் கிளம்பிய பிறகு அதைத் திருப்ப வழியில்லை. திருப்பி அனுப்பும் கூலி ஸ்வெட்டர் விலையைத் தொட்டது. அது இப்போது அக்கா மகளிடம் இருக்கிறது. அன்றிலிருந்து ஒவ்வோர் உருப்படிக்கும் அளவுச் சீட்டு தெரிகிற மாதிரி ஒரு படம் கேட்கிறோம். அந்தப் படத்தை அவரவருக்கு அனுப்பி, அவரவர் "சரி" என்று எழுதிய பிறகுதான் ஒன்றாகக் கட்டச் சொல்கிறோம்.

அளவு

ஜப்பானிய 'எல்' நம் ஊர் 'எம்'முக்குப் பக்கத்தில் நிற்கும். அதனால் எழுத்தை நம்பாமல் சென்டிமீட்டரைப் பாருங்கள். கடைகள் ஆளின் அளவைப் போடாமல், துணியைத் தரையில் விரித்து எடுத்த அளவைத்தான் பெரும்பாலும் தருகின்றன. அதனால் உங்களுக்குக் கச்சிதமாக இருக்கிற ஒரு பழைய சட்டையை எடுங்கள். பாயில் சுருக்கமில்லாமல் விரியுங்கள். இன்ச் டேப்பின் பின்பக்கம் சென்டிமீட்டர் இருக்கும், அந்தப் பக்கத்தால் அளந்து எழுதுங்கள்.

அங்கே வரும் சொற்கள் கொஞ்சம்தான், பழகிவிடும். கதஹபா என்பது தோள் அகலம். மிஹபா என்பது ஓர் அக்குளிலிருந்து மறு அக்குள் வரை. ஒரு பக்கத்து அளவு என்பதால் இரண்டால் பெருக்கினால்தான் மார்புச் சுற்றளவு. கிதகே என்பது கழுத்தடியிலிருந்து கீழ் விளிம்பு வரை நீளம். சொதேதகே கை நீளம். கால்சட்டைக்கு மதாஷிதா என்றால் உள்கால் நீளம், வதாரி என்றால் தொடை அகலம், சுசோஹபா என்றால் கால் விளிம்பின் அகலம். மிஹபாவை இரண்டால் பெருக்க மறந்தவர்கள் "54 சென்டிமீட்டர் மார்பா, குழந்தைச் சட்டையா?" என்று கேட்பார்கள். 54 என்றால் சுற்றளவு 108, அதாவது 42 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல்.

அக்கா மகளுக்குத் தொளதொளவென்று அகலக் கால் பேன்ட் வேண்டும். "மாமா, பெரிய சைஸா போட்டுடுங்க, லூஸா இருக்கும்" என்றாள். அப்படி வராது. அந்த மாதிரித் துணி தைக்கும்போதே தொளதொளப்பாகத் தைத்தது. அளவைக் கூட்டினால் இடுப்பும் சேர்ந்து பெரிதாகும். அவளுடைய இடுப்புக்கு ஏற்ற அளவை எடுத்துக்கொண்டு, கால் விளிம்பின் அகலத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன்.

டெனிமில் இன்னொரு விஷயம். சுருக்கம் நீக்காமல், தறியிலிருந்து இறக்கிய கோராவாகவே தைத்த ஜீன்ஸ் முதல் நனைப்பில் நன்றாகச் சுருங்கும். பத்து சதவீதம் வரைகூடப் போகும். 'ஒன் வாஷ்' என்று போட்டிருந்தால் ஏற்கெனவே நனைத்துச் சுருக்கியது. முதல் தடவை வாங்குபவர்கள் ஒன் வாஷ் எடுங்கள்.

கணக்கு

இதுதான் முக்கியம், நிதானமாகப் படியுங்கள். போன வருஷத்து நோட்டுப் பக்கத்தைப் போலவே ஒன்றை, கணக்கு எளிதாக வர எண்களை முழுசாக்கி, கீழே தருகிறேன். ஒரு யென் 60 பைசா என்று வைத்துக்கொள்வோம். விலை என்பதில் ஏஜென்ட் கூலியும், கடையிலிருந்து கிடங்குக்கு வரும் கூலியும் அடங்கும்.

மச்சானின் ஜீன்ஸ்: 24,000 யென், அதாவது 14,400 ரூபாய், எடை 900 கிராம்.
நண்பரின் மழை ஜாக்கெட்: 15,000 யென், 9,000 ரூபாய், 400 கிராம்.
அக்கா மகளின் இரண்டு பேன்ட்: 8,000 யென், 4,800 ரூபாய், 700 கிராம்.
என் ஸ்வெட்டர்: 10,000 யென், 6,000 ரூபாய்; 500 கிராம்.

மொத்தம் 34,200 ரூபாய், 2,500 கிராம். வாங்குவதற்கு முன்பே எடை எப்படித் தெரியும்? அதற்குத்தான் தராசு. வீட்டில் இருக்கிற அதே மாதிரித் துணியை நிறுத்துப் பாருங்கள். மடித்து வைத்த ஜீன்ஸ் ஒன்று, ஸ்வெட்டர் ஒன்று, ஜாக்கெட் ஒன்று நிறுத்தால் கணக்கு பெரும்பாலும் நூறு கிராமுக்குள் சரியாக வரும். பெட்டிக்கும் உறைக்கும் 300 கிராம் சேர்த்தால் 2.8 கிலோ.

ஜப்பான் அஞ்சலின் இ.எம்.எஸ். என்கிற விரைவு அஞ்சல் சேவை உண்மை எடைக்குத்தான் கூலி வாங்குகிறது. படிக்கட்டு மாதிரி: இரண்டு கிலோவுக்கு மேல் ஆறு கிலோ வரை ஒவ்வோர் அரைக் கிலோவும் ஒரு படி. 2.8 என்றாலும் 3.0 என்றாலும் ஒரே கூலி, 3.05 ஆனால் 3.5-க்கான கூலி. எனவே படியின் விளிம்பில் இருக்கும்போது ஒரு காலணிப் பெட்டியைக் கழற்றச் சொல்வது காசை மிச்சப்படுத்தும். தனியார் கூரியர்களின் கணக்கு வேறு. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து வரும் எண்ணையும் உண்மை எடையையும் ஒப்பிட்டு, எது பெரிதோ அதற்கு வாங்குவார்கள். 40, 30, 30 அளவுள்ள பெட்டி 7.2 கிலோவாக எண்ணப்படும், உள்ளே மூன்று கிலோதான் இருந்தாலும். இறகு அடைத்த பருமனான ஜாக்கெட் இருந்தால் இதை மறக்காதீர்கள்.

அனுப்புக் கூலி 5,000 ரூபாய் என்று வைப்போம். இதை எடைப்படி பிரிக்க வேண்டும். நூறு கிராமுக்கு 200 ரூபாய். மச்சான் 1,800, நண்பர் 800, அக்கா மகள் 1,400, நான் 1,000.

அடுத்தது சுங்க வரி. இதைத் துணியின் விலைப்படி பிரித்தால் அதுவும் சரியில்லை. வரி போடும்போது பொருளின் விலையோடு அனுப்புக் கூலியையும் காப்பீட்டையும் சேர்த்துத்தான் மதிப்பு எடுக்கிறார்கள். ஆகவே அவரவர் விலையும் அவரவர் கூலிப் பங்கும் கூட்டி வரும் தொகைப்படி பிரிக்க வேண்டும். அது மச்சானுக்கு 16,200, நண்பருக்கு 9,800, அக்கா மகளுக்கு 6,200, எனக்கு 7,000, மொத்தம் 39,200. கணக்குப் புரிவதற்காக வரி 30 சதவீதம் என்று கொள்வோம், 11,760 ரூபாய். பங்கு முறையே 4,860, 2,940, 1,860, 2,100.

கடைசியில் மச்சானின் ஜீன்ஸ் 21,060 ரூபாய், ஜாக்கெட் 12,740, பேன்ட் இரண்டும் 8,060, ஸ்வெட்டர் 9,100.

"எதுக்கு இவ்வளவு கணக்கு, நாலாகப் பிரிச்சுக்கலாமே" என்று யாராவது சொல்வார்கள். பிரித்துப் பாருங்கள். கூலியும் வரியும் சேர்ந்து 16,760, ஆளுக்கு 4,190. அக்கா மகள் தர வேண்டியது 3,260-தான், 930 ரூபாய் கூடத் தருகிறாள். மச்சான் தர வேண்டியது 6,660, அவருக்கு 2,470 குறைகிறது. படிக்கிற பெண்ணின் பணத்தில் தறிக்காரரின் ஜீன்ஸுக்கு வரி கட்டுவது ஆகாது. மச்சானே அதை ஒத்துக்கொள்ள மாட்டார். யாரும் கெட்டவர்கள் இல்லை. எழுதாமல் விட்டால் இப்படித்தான் ஆகும், அடுத்த வருஷம் ஒருவர் சொல்லாமலேயே விலகிவிடுவார்.

இன்னொரு பயன், இந்தக் கணக்கு வாங்கலாமா வேண்டாமா என்பதையும் சொல்லிவிடும். ஜாக்கெட்டுக்குக் கூலி அதன் விலையில் ஒன்பது சதவீதம்; பேன்ட்டுக்கு இருபத்தொன்பது. 4,800 ரூபாய்ப் பேன்ட் 8,060 ஆகிறது என்று அக்கா மகளிடம் வாங்குவதற்கு முன்பே காட்டினேன். ஒரு நாள் யோசித்துவிட்டு, இரண்டில் ஒன்றை விட்டுவிட்டாள். விட்ட ஒன்றை சேலம் நாலு ரோட்டுப் பக்கம் ஒரு கடையில் கிட்டத்தட்ட அதே மாதிரி எடுத்தாள்.

ஒருவர் விலகினால் மற்றவர்கள் பங்கு மாறும், அதனால் விலகக் கடைசி நாள் ஒன்று வையுங்கள். எங்களுக்கு அது கடையில் பணம் கட்டும் நாளுக்கு முந்தின இரவு. ஆள் எண்ணிக்கையும் ஐந்தைத் தாண்ட வேண்டாம். ஆறாவது ஆளின் படத்துக்குப் பதில் வரும்வரை ஐந்து பேரின் துணி கிடங்கில் நாளை எண்ணிக்கொண்டிருக்கும்.

பணம் கட்டுவது

ஒருவர் கட்ட வேண்டும், மற்றவர்கள் அவருக்கு முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். நாங்கள் விலை, கூலி இரண்டையும் கூட்டி, அதில் பாதியை வரிக்கென்று தனியாக வாங்கி வைக்கிறோம். அக்கா மகள் என்றால் 6,200-உடன் 3,100. மீதி திரும்பிவிடும், குறைந்தால்தான் சங்கடம்.

கட்டுபவரின் கார்டு வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குத் திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே வங்கிச் செயலியில் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 மார்ச்சிலிருந்து கொடுக்கும் கார்டுகளில் அது மூடியே வரும். நாம்தான் திறக்க வேண்டும், வேலை முடிந்ததும் மூடிவிட வேண்டும். பல வங்கிகள் அந்நியச் செலாவணிக்கு 2 முதல் 3.5 சதவீதம் வரை எடுக்கும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. மேலே சொன்ன 39,200-க்கு 3.5 சதவீதம் என்றால் எல்லாம் சேர்த்து 1,600 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். இதையும் வரி பிரித்த விகிதத்திலேயே பிரியுங்கள். கார்டு வைத்திருப்பவர் தலையில் இது விழக் கூடாது.

சுங்கம்

பார்சல் ஒருவர் பெயரில்தான் வரும். கூரியரில் வந்தால் அவருடைய ஆதாரோ பான் கார்டோ கேட்பார்கள். இங்கே நம்மவர்களுக்கு மட்டும் ஒரு தொல்லை: இன்ஷியல். ஆதாரில் அப்பா பெயர் முழுசாக இருக்கும், ஏஜென்ட் கணக்கில் ஒரே எழுத்து இருக்கும், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று பார்சல் நிற்கும். கணக்குத் தொடங்கும்போதே அடையாள அட்டையில் இருக்கிறபடி எழுத்துக்கு எழுத்து போடுங்கள். முகவரியில் பழைய எண், புதிய எண் என்று சாய்கோடு போட்டு எழுதாமல், தபால்காரருக்குத் தெரிந்த ஒரே எண்ணைப் போடுங்கள். ஆறு இலக்க அஞ்சல் எண்ணும் கைபேசி எண்ணும் கட்டாயம்.

'அன்பளிப்பு' என்று குறித்தால் வரி வராது என்று சிலர் சொல்லித் தருவார்கள். கேட்காதீர்கள். 2019 டிசம்பரிலிருந்து அஞ்சலிலோ கூரியரிலோ அன்பளிப்பு என்று சொல்லிப் பொருள் இறக்குமதி செய்வதற்கே தடை. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும்தான் விலக்கு. விலையைக் குறைத்துப் போடச் சொல்வதும் தவறு. 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டப்படி பொருளைப் பறிமுதல் செய்யலாம், அபராதமும் உண்டு. தொலைந்துபோனாலும் நமக்குத்தான் நஷ்டம், ஏனென்றால் இழப்பீடு எழுதிக்கொடுத்த மதிப்பை ஒட்டித்தான் கிடைக்கும். இ.எம்.எஸ்.-இல் 20,000 யென் வரை காப்பீடு கூலியிலேயே அடக்கம். அதற்கு மேல் மதிப்பிருந்தால் கொஞ்சம் சேர்த்துக் கட்டிக் கூட்டிக்கொள்ளலாம். மேலே போட்ட கணக்கில் பார்சல் 57,000 யென், ஆகவே கூட்ட வேண்டும்.

வரி மூன்று அடுக்காக வரும்: அடிப்படைச் சுங்க வரி, அதன் மேல் சமூக நல மேல்வரி, அப்புறம் இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.யான ஐ.ஜி.எஸ்.டி. வீதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால் போன வருஷத்து எண்ணை நம்பாமல், ஆர்டர் போடும் வாரத்தில் சுங்கத் துறையின் தளத்தில் பாருங்கள்.

ஒரே ஜீன்ஸ் பத்து, ஒரே ஜாக்கெட் எட்டு என்று வந்தால் இது சொந்த உபயோகமா வியாபாரமா என்ற கேள்வி எழும். வியாபாரத்துக்கு இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண் வேண்டும், ஜி.எஸ்.டி.யும் வரும். எங்களில் யாரும் ஒரு ரூபாய்கூட லாபம் வைப்பதில்லை, ஒவ்வொருவருக்கும் ஒன்றிரண்டு உருப்படிதான். யார் கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்ல நோட்டு கையில் இருக்கிறது.

பார்சல் வழியில் இருக்கும் நாட்களில் "உங்கள் பார்சல் சுங்கத்தில் நிற்கிறது, உடனே பணம் அனுப்புங்கள்" என்று அழைப்போ குறுஞ்செய்தியோ வரலாம். நிஜமாகவே ஒரு பார்சலை எதிர்பார்த்துக்கொண்டிருப்பவர்தான் இதில் சீக்கிரம் ஏமாறுவார். செய்தியில் இருக்கும் இணைப்பைத் தொடாமல், கண்காணிப்பு எண்ணை நீங்களே அஞ்சல் துறைத் தளத்தில் போட்டுப் பாருங்கள். தனி ஆளின் கணக்குக்குச் சுங்க வரி கட்டுவது என்று ஒன்று கிடையாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். வீட்டில் பெரியவர்கள் போன் எடுப்பவர்களாக இருந்தால் அவர்களிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

நாள் பார்ப்பது

ஏற்காட்டுக் குளிருக்கு ஜாக்கெட் வேண்டும் என்றால் மார்கழியில் தேடி ஆகாது. கடையில் பணம் கட்டியதிலிருந்து வாசல் வரை ஆறு வாரம் என்று நாங்கள் வைத்துக்கொள்கிறோம்; பலமுறை அதற்கு முன்பே வந்திருக்கிறது. ஆடி மாதத்தில் பட்டியல், ஆவணி தொடங்கும்போது ஆர்டர். தீபாவளி நெருக்கத்தில் பார்சல் இங்கே வந்து இறங்காதபடி பார்க்க வேண்டும், அப்போது எல்லா இடத்திலும் கூட்டம். ஜப்பானில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே 5 வரை தொடர் விடுமுறை, ஆகஸ்ட் நடுவில் ஒபோன் என்கிற முன்னோர் வழிபாட்டு நாட்கள், டிசம்பர் 29 வாக்கிலிருந்து ஜனவரி 3 வரை புத்தாண்டு. இந்த நாட்களில் பல கடைகளும் கிடங்குகளும் மூடியிருக்கும். ஆனால் ஜனவரி தொடக்கத்தில் நல்ல தள்ளுபடி போடுவார்கள். அவசரமில்லாத கம்பளித் துணியை அடுத்த வருஷத்துக்கென்று அப்போது வாங்கலாம்.

நாலு பேரும் ஒரே வாரத்துக்குள் வாங்கி முடிக்க வேண்டும். முதல் பொருள் கிடங்குக்கு வந்த நாளிலிருந்து அதன் இலவச நாட்கள் ஓடத் தொடங்கிவிடும். கடைசிப் பொருளுக்காக அது காத்திருக்கக் கூடாது.

பிரிக்கும் நாள்

அஞ்சலில் வந்தால் வரியைத் தபால்காரரே வாங்கிக்கொண்டு ரசீதோடு பார்சலைத் தருவார். அன்றைக்கு வீட்டில் பணம் இருக்கட்டும். வாங்கியவுடன் பெட்டியின் ஆறு பக்கத்தையும் படம் எடுங்கள். கிழிந்தோ நனைந்தோ இருந்தால் அவர் முன்னாலேயே சொல்லிக் குறிக்கச் சொல்லுங்கள்.

எல்லோரும் வரும்வரை பிரிக்க வேண்டாம் என்பது எங்கள் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை காலை, நண்பர் ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வருவார். கூடத்தில் பாய் விரித்து, பெட்டியை வைத்து, கத்தியை ஆழமாக விடாமல் ஒட்டுத்தாளின் மேலாகவே கீறுவோம். ஒவ்வொன்றாக எடுத்து, படத்தோடு ஒப்பிட்டு, தராசில் வைத்து உண்மை எடையை எழுதுவோம். மச்சானின் ஜீன்ஸ் 900 என்று போட்டோம், 940 இருந்தது. கூலியை உண்மை எடைப்படி மறுபடி பிரித்தோம்.

வரி ரசீதை நடுவில் வைத்து மீதிப் பணத்தை அங்கேயே திருப்பிவிடுங்கள். அக்கா மகளுக்கும் கொஞ்சம் திரும்பியது. கணக்குப் பக்கத்தின் கீழே நாலு பேரும் கையெழுத்துப் போட்டோம். ஏஜென்டின் பட்டியல், வரி ரசீது இரண்டையும் அதே பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். துவைப்புச் சீட்டைப் படிக்காமல் யாரும் துணியைத் தண்ணீரில் போடாதீர்கள். தொட்டிப் படத்துக்குள் இருக்கும் எண் அந்தத் துணி தாங்கும் அதிகபட்ச வெப்பம், தொட்டியின் மேல் பெருக்கல் குறி இருந்தால் வீட்டில் துவைக்கவே கூடாது. என் ஸ்வெட்டரில் தொட்டிக்குள் கை படம் இருந்தது, அதாவது கையால் மட்டும். மெஷினில் போட எடுத்த அம்மாவிடம் அந்தச் சீட்டைக் காட்டி, வாளியில் நனைத்துப் பிழியாமல் துண்டில் சுருட்டி நீரை எடுத்து, நிழலில் பாய் மேல் விரித்துக் காய வைத்தோம்.